அடுக்ககத்தில் பொதுப் பொருள் அறை: எதை வைக்கலாம், யார் பார்த்துக்கொள்வது?

வாசகி ஒருவரின் கேள்வி: கோவையில் 60 வீடுகள் உள்ள அடுக்ககத்தில் இருக்கிறோம். எங்கள் வீட்டில் ஒரு டிரில் மெஷின் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு தடவை எடுத்தால் அதிகம். பக்கத்து வீட்டிலும் ஒன்று, எதிர் வீட்டிலும் ஒன்று. ஏணியும் அப்படித்தான். எல்லாவற்றையும் ஓர் அறையில் வைத்துப் பொதுவாகப் பயன்படுத்தலாமே என்று சங்கக் கூட்டத்தில் சொன்னேன். "நாலு மாசத்துல எல்லாம் உடைஞ்சு கிடக்கும், யாரும் திருப்பித் தர மாட்டாங்க" என்று ஒதுக்கிவிட்டார்கள். இதை ஒழுங்காக நடத்த வழி உண்டா? சுற்றுச்சூழலுக்கு இதனால் உண்மையிலேயே நன்மை உண்டா? கல்யாணம், விசேஷங்களுக்கு ஆப் மூலம் உடைகளை வாடகைக்கு எடுப்பதும் நல்ல பழக்கம்தானா?

பதில்:

உங்கள் சங்கத்தார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. கவனிக்க ஆளில்லாத பொது அறை கெட்டுத்தான் போகும். ஆனால் அதனால் நடத்தவே முடியாது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. அமெரிக்காவின் பெர்க்லி நகரப் பொது நூலகம் 1979 முதல் புத்தகங்களோடு சுத்தியல், ரம்பம், டிரில் என்று கருவிகளையும் இரவல் கொடுத்துவருகிறது. நாற்பது ஆண்டுகளைத் தாண்டியும் அது ஓடுகிறது என்றால், அங்கே பொருளை எடுத்துக் கொடுத்து, திரும்பி வந்ததும் சரிபார்த்து வைக்கச் சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

நம் ஊரிலும் பொதுச் சொத்து இப்படித்தான் பிழைத்தது. ஏரிப் பாசனத்தில் மடையைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பார்த்துப் பங்கிட நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். ஊரே சேர்ந்து வைத்த ஆள். அறுவடையானதும் அவருக்கு நெல் அளக்க வேண்டும். தண்ணீர் பொதுதான், ஆனால் அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஒருவருடையது, அந்த வேலைக்குக் கூலி உண்டு. உங்கள் பொருள் அறைக்கும் முதலில் தேட வேண்டியது இப்படி ஓர் ஆளை. அறை, அலமாரி, ஆப் எல்லாம் அதற்கு அப்புறம்.

வாட்ச்மேன் தலையில் கட்டிவிடலாம் என்றுதான் பெரும்பாலான அடுக்ககங்களில் நினைப்பார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கேட், கூரியர், மோட்டார், தண்ணீர் லாரி என்று அவருக்கு ஏற்கெனவே ஏகப்பட்ட வேலை. அதற்கு மேல் ஏணி எங்கே என்று அவரிடம் கணக்குக் கேட்பது அநியாயம். அடுக்ககத்திலேயே ஓய்வுபெற்றவரோ, வீட்டிலிருந்து சிறு வருமானம் தேடுபவரோ இருப்பார். சனி, ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம், வார நாட்களில் மாலை அரை மணி நேரம் அறையைத் திறக்க ஒப்புக்கொண்டால் அவருக்கு மாதம் ஒரு தொகை கொடுங்கள். 60 வீடும் மாதம் 30 ரூபாய் போட்டால் 1,800 ரூபாய் ஆகிறது. பெரிய தொகை இல்லைதான், ஆனால் காசு வாங்கும் ஒருவரிடம்தான் உரிமையோடு கணக்குக் கேட்க முடியும். "எல்லோருமே பார்த்துக்கொள்வோம்" என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள்.

சரி, எதை வைக்கலாம்? ஒரு பொருளைப் பார்த்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள். இது அபூர்வமாகத்தான் தேவைப்படுமா? அப்படித் தேவைப்படும்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படுமா? முதல் கேள்விக்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்று பதில் வந்தால் அது இந்த அறைக்கான பொருள்.

முறுக்கு உழக்கு வருடத்தில் பல மாதங்கள் சும்மா கிடக்கும். ஆனால் தீபாவளிக்கு முந்தின வாரம் 60 வீட்டுக்கும் வேண்டும். கொலுப்படியும் அப்படியே, நவராத்திரி வந்தால் எல்லோருக்கும் வேண்டும். இவற்றைப் பொதுவில் வைத்தால் சண்டைதான் மிஞ்சும். ஏணி, டிரில் மெஷின், நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், வண்டிக்குக் காற்றடிக்கும் பம்ப், பெரிய சூட்கேஸ், மடக்கு நாற்காலி, மடக்குக் கட்டில், விருந்துக்கு வேண்டிய அண்டா, குண்டான், பெரிய இட்லிக் கொப்பரை இவையெல்லாம் சரியாக வரும்.

நான் முதலிடம் கொடுப்பது வேறொரு வகைக்கு: சக்கர நாற்காலி, வாக்கர், கழிப்பறை நாற்காலி. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன மாமியாருக்குச் சில வாரங்களோ சில மாதங்களோ தேவைப்படும். அப்புறம் அந்தப் பொருள் பரணில் ஏறிவிடும், விற்கவும் மனம் வராது. உங்கள் 60 வீட்டில் நிச்சயம் இரண்டு மூன்று கிடக்கும். ராத்திரி எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வருபவருக்குக் கீழே ஒரு சக்கர நாற்காலி தயாராக இருப்பது எவ்வளவு பெரிய உதவி! டிரில் மெஷினுக்கு மசியாத சங்கச் செயலாளர் இதற்கு மசிவார். கூட்டத்தில் இதைச் சொல்லியே ஆரம்பியுங்கள்.

இங்கேதான் உங்கள் சுற்றுச்சூழல் கேள்வி வருகிறது. பகிர்வதால் மட்டும் பூமிக்கு நன்மை வந்துவிடாது. அந்தப் பகிர்வால் எத்தனை புதுப் பொருள் வாங்கப்படாமல் போயிற்று என்பதுதான் கணக்கு. 60 வீட்டில் ஏற்கெனவே 20 டிரில் இருக்க, சங்கப் பணத்தில் புதிதாக இன்னொன்று வாங்கினால் 21 ஆகிறது, அவ்வளவுதான். அதனால் முதல் ஆறு மாதம் எதையும் புதிதாக வாங்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் போட்டு, பரணில் கிடப்பதைக் கேட்டு வாங்குங்கள். கொடுப்பவர் சங்கத்துக்கே சொந்தமாகக் கொடுத்துவிட வேண்டும். "என்னோடதுதான், இங்க சும்மா வச்சிருக்கேன்" என்பதை ஏற்கவே வேண்டாம். சின்னக் கீறல் விழுந்தாலும் அங்கே மனஸ்தாபம் தொடங்கிவிடும்.

இந்தக் கண்ணோட்டத்தில்தான் உடை வாடகையையும் பார்க்க வேண்டும். பின்லாந்தின் லாப்பீன்ரந்தா-லாஹ்தி தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் ஒரு ஜீன்ஸ் பேன்ட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். வழக்கம்போல உடுத்தித் தூக்கிப் போடுவது, கூடுதல் காலம் உடுத்துவது, பழையதாகக் கைமாற்றுவது, மறுசுழற்சி செய்வது, வாடகைக்கு விட்டுப் பலர் உடுத்துவது என்று ஐந்து வழிகள். ஐந்தில் புவி வெப்பமாதலுக்கு மிக அதிகமாகக் காரணமாக வந்தது வாடகை முறை! உடையை எடுக்கவும் திருப்பிக் கொடுக்கவும் ஆகும் வண்டிப் போக்குவரத்து, பகிர்வதால் வந்த மிச்சத்தை விழுங்கிவிட்டது. மாசு குறைந்த போக்குவரத்தாக இருந்தால் கணக்கு வெகுவாக மாறும் என்றும் அதே ஆய்வு சொல்கிறது.

ஆகவே ஆப்பில் ஆர்டர் போட்டு வேறு ஊரிலிருந்து கூரியரில் ஒரு லெஹங்கா வந்து, ஒரு மாலை உடுத்தி, டிரை கிளீனிங் ஆகித் திரும்பிப் போவது அப்படியொன்றும் பசுமையான காரியம் அல்ல. ஒரே முறை உடுத்தப் புதிதாக வாங்கி பீரோவில் பூட்டுவதைவிடப் பரவாயில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். நடந்து போகும் தூரத்தில் உள்ள வாடகைக் கடை என்றால் தாராளமாக எடுங்கள். அதைவிட நல்லது சித்தியின் பீரோவிலிருந்து ஒரு பட்டுப் புடவையைக் கேட்டு வாங்கிக் கட்டுவது. கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கொடுப்பவருக்கும் புடவை வெளியே வந்த சந்தோஷம் இருக்கும், மடிப்பிலேயே இற்றுப்போகாமலும் இருக்கும்.

பகிர்வு என்று பெயர் போட்ட எல்லாவற்றையும் நம்பிவிட வேண்டாம் என்பதற்கு ஆப் டாக்ஸியும் ஓர் உதாரணம். அமெரிக்காவின் யூனியன் ஆஃப் கன்சர்ன்ட் சயின்டிஸ்ட்ஸ் அமைப்பு 2020-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், இந்தப் பயணங்கள் எந்தப் பயணங்களுக்குப் பதிலாக வந்தனவோ அவற்றைவிடச் சராசரியாக 69 சதவீதம் கூடுதலாக மாசு உண்டாக்குகின்றன என்று வந்தது. சவாரிக்கும் சவாரிக்கும் நடுவே வண்டி காலியாக ஓடுகிறது. பஸ்ஸில் போகக்கூடியவரும் நடந்து போகக்கூடியவரும் டாக்ஸிக்கு மாறுகிறார்கள். உங்கள் அறைக்கு இந்தத் தொல்லை இல்லை. லிஃப்டில் இறங்கிப் போய் எடுத்து வரலாம், பெட்ரோல் செலவே கிடையாது. தூரம் இல்லாததுதான் அடுக்ககப் பகிர்வின் பெரிய பலம். அக்கம்பக்கத்து அடுக்ககங்களையும் சேர்த்துப் பெரிதாக்கலாம் என்று பிற்பாடு யாராவது ஆசை காட்டினால் யோசித்துச் செய்யுங்கள்.

இனி விதிகள். பொதுச் சொத்துகளை மக்களே நிர்வகிப்பது பற்றி ஆராய்ந்து 2009-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அங்கே 1517-ல் ஒரு விதி போட்டார்கள்: பனிக்காலத்தில் உன் தீவனத்தில் எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம். ஒரே வாக்கியம், யாரும் மீறினால் உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும். உங்கள் விதிகளும் அப்படி இருக்கட்டும். ஒருவருக்கு ஒரு நேரத்தில் இரண்டு பொருள். டிரில், ஏணி இரண்டு நாள். சக்கர நாற்காலி மாதிரியானவை டாக்டர் சொன்ன காலம் வரை. வாடகைக்கு இருப்பவர்களுக்கும் வீட்டுச் சொந்தக்காரர்களுக்கும் ஒரே உரிமை. இதை எழுதியே வையுங்கள், பல அடுக்ககங்களில் வாடகைக்காரர்களை ஒதுக்குவதைப் பார்க்கிறேன், மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. உண்மையில் வீடு மாறிக்கொண்டே இருக்கும் அவர்களுக்குத்தான் இந்த அறை அதிகம் உதவும்.

தண்டனை படிப்படியாக ஏற வேண்டும் என்பதும் ஆஸ்ட்ரம் கண்ட உண்மைகளில் ஒன்று. எடுத்த எடுப்பில் 500 ரூபாய் அபராதம் என்று எழுதினால் யாரும் வசூலிக்க மாட்டார்கள், விதி செத்துப்போகும். முதல் தாமதத்துக்கு ஒரு போன். அடுத்தது நாளுக்கு 20 ரூபாய். அதற்கும் அசையாவிட்டால் ஒரு மாதம் இரவல் இல்லை. குழுவில் பெயர் போட்டு அவமானப்படுத்துவது மட்டும் வேண்டாம். அதோடு அந்தக் குடும்பம் ஒதுங்கிவிடும்.

பதிவுக்கு ஒரு நீள நோட்டு போதும். தேதி, வீட்டு எண், பொருள், கையெழுத்து, திரும்பி வந்த தேதி. எடுக்கும்போதும் வைக்கும்போதும் போனில் ஒரு படம். சென்னை வேளச்சேரியில் ஓர் அடுக்ககத்தில் அருமையான ஏற்பாடு ஒன்று பார்த்தேன். சுவரில் பிளைவுட் பலகை அடித்து, ஒவ்வொரு கருவியையும் அதன்மேல் வைத்து ஓரத்தைச் சுற்றி மஞ்சள் பெயின்டால் வரைந்திருந்தார்கள். ஸ்பேனர் இல்லையென்றால் அங்கே வெறும் மஞ்சள் ஸ்பேனர் வடிவம் தெரியும். நோட்டைப் புரட்டாமலே எது வெளியே இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. பாத்திரங்களில் நம் வழக்கப்படி பெயர் வெட்டிவிடுங்கள், சங்கத்தின் பெயரும் ஒரு எண்ணும் போதும்.

டிரில் மெஷினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அதிகம் கெடுவது அதுதான். பொது அறைக்கு பேட்டரி மாடல் வேண்டாம். சார்ஜ் இறங்கிப்போய் மாதக்கணக்கில் கிடந்தால் பேட்டரி பாழாகும். வயர் உள்ள மாடலே நல்லது. துளை போடும் முனையான பிட்டை இறுக்கும் சாவி முதல் மாதத்திலேயே காணாமல் போகும், அதனால் அதைச் சின்னக் கயிற்றால் பிளக் பக்கத்து வயரில் கட்டிவிடுங்கள். பிட் தேயும் பொருள். சுவருக்கான 6 எம்எம், 8 எம்எம் பிட்டுகளை அவரவர் வாங்கிக்கொள்ளட்டும் என்று வைத்தால் பாதிப் புகார் குறையும். மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்தால் மெஷின் விட்டுவிட்டு ஓடும், பொறி அதிகமாகப் பறக்கும். பல மாடல்களில் அதை மாற்றினாலே போதும், மெஷினைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அறைக் கதவில் ஓர் எச்சரிக்கையும் ஒட்டுங்கள்: சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடக் கூடாது, சுவருக்குள் வயர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் ஓடும். அலுமினிய ஏணியை மின்கம்பிக்கு அருகே சாத்தக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொருள் அறையாக ஈபி மீட்டர் அறையையோ மாடிப்படி அடியையோ தேர்ந்தெடுக்க வேண்டாம். தீப்பிடித்தால் அவசரத்துக்கு ஓட வேண்டிய வழி மாடிப்படிதான்.

அறை ஓரளவு நிலைத்த பிறகு ரிப்பேர் நாள் ஒன்றும் வையுங்கள். நெதர்லாந்தில் மார்ட்டின் போஸ்ட்மா என்பவர் 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ரிப்பேர் கஃபே இன்று பல நாடுகளில் நடக்கிறது. கைவேலை தெரிந்த தன்னார்வலர்கள் உட்கார்ந்து, கொண்டுவருபவரோடு சேர்ந்து பொருளைச் சரிசெய்கிறார்கள். நம் ஊரில் தன்னார்வலரைத் தேடி அலைய வேண்டாம், தெருமுனையிலேயே மிக்ஸி ரிப்பேர் கடைக்காரர் இருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு அவரையும் ஒரு தையல்காரரையும் வரச்சொல்லி, பேசிய கூலியைக் கொடுங்கள். ஒரே காலையில் 60 வீட்டு வேலை கிடைத்தால் அவருக்கும் லாபம். ஜார் கப்ளர், குக்கர் கேஸ்கெட், ஃபேன் கண்டென்சர் போன்ற சின்ன உதிரிகள் மாற்றாமலே எத்தனையோ பொருள் பழைய இரும்புக்குப் போகிறது. இவை மாறினால், பொருள் அறையால் மிச்சமாவதைவிட அதிகமாகவே மிச்சமாகலாம். பெரிய கம்பெனிப் பொருட்களுக்கு மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய ரைட் டு ரிப்பேர் இணையதளத்தைப் பாருங்கள். உதிரிபாகம், சர்வீஸ், வாரண்டி விவரங்களைக் கம்பெனிகள் அதில் கொடுக்கின்றன.

ஆறு மாதம் கழித்து நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். எது அடிக்கடி வெளியே போயிருக்கிறது, எதற்கு ஆட்கள் காத்திருக்க வேண்டியிருந்தது என்று அதிலேயே தெரியும். ஏணிக்கு வரிசை இருந்தால் அப்போது இரண்டாவது ஏணி வாங்குங்கள். ஒருவரும் தொடாத பொருளை வைத்து அறையை அடைக்க வேண்டாம், பக்கத்திலுள்ள முதியோர் இல்லத்துக்கோ தேவைப்படும் வேறொருவருக்கோ கொடுத்துவிடலாம். ஓடாத மின்சாமான்களை மட்டும் குப்பை வண்டியில் போடாமல், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் சேர்த்துவிடுங்கள்.