அச்சனுக்கு என் குரல் தெரியாது

கேள்வி: எனக்கு 52 வயது. களியக்காவிளைக்குப் பக்கத்தில் ரப்பர் விளை இருக்கிறது. 12 வருடமாகப் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) செய்யவில்லை. பூசைக்குப் போவேன், நற்கருணை வாங்க எழுந்து போகமாட்டேன். பங்குச் சாமியாருக்கு என் குரல் நன்றாகத் தெரியும், கோயில் கமிட்டியில் ஒன்றாக இருந்திருக்கிறோம். என் குறைகளைக் கேட்ட பிறகு என்னை எப்படிப் பார்ப்பார் என்று கூச்சம். சொத்து பிரித்தபோது அண்ணனோடு ஒரு கய்யாலை (எல்லைச் சுவர்) தகராறும் உண்டு. கேரளாவில் பாறசாலைப் பக்கம் என்னைத் தெரியாத ஓர் அச்சனிடம் (சாமியாரிடம்) போனால் செல்லுமா? இந்தத் தவக்காலத்திலாவது கடவுளோடு ஒப்புரவாக வேண்டும்.

பதில்: செல்லும். அதிகாரம் பெற்ற எந்தக் குருவிடமும், அவர் வேறு வழிபாட்டு முறைக்காரராக இருந்தாலும், பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் (991ஆம் விதி). லத்தீன் முறையில் வளர்ந்தவர் மலங்கரைக் கத்தோலிக்க முறை அச்சனிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதில் ஒரு குறையும் இல்லை. உண்மையில் எல்லை தாண்டவே வேண்டாம். குழித்துறையில் லத்தீன், மார்த்தாண்டத்தில் மலங்கரை, தக்கலையில் சீரோ மலபார் என்று மூன்று மறைமாவட்டங்கள் ஒரே பஸ் ரூட்டில் இருக்கின்றன!

12 வருடக் கணக்கை நினைத்து மலைக்காதீர்கள். கனமான பாவங்களை யோசித்துப் பார்த்து, நினைவுக்கு வருவதைச் சொல்லுங்கள். உண்மையிலேயே மறந்துபோனதும் அந்த மன்னிப்பில் அடங்கும். கேட்டதை வெளியே சொல்லவோ, அதை மனதில் வைத்து உங்களை வேறு மாதிரி நடத்தவோ எந்தக் குருவுக்கும் உரிமை இல்லை. உங்கள் ஊர்ச் சாமியாருக்கும்தான்.

அப்புறம் அந்தக் கய்யாலை. சாமியாரின் காதைப் பற்றி இத்தனை எழுதிய நீங்கள் அண்ணனுக்கு ஒரே வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். கய்யாலையைத் தள்ளிப் போட்டது யார் என்று அதில் இல்லை. அண்ணனாக இருந்தால் எழுதியிருப்பீர்கள்.

மத்தேயு 5ஆம் அதிகாரத்தில், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்று இயேசு சொல்வதை நாம் பாதியாகத்தான் கேட்கிறோம். உனக்கு யார் மேலாவது கோபம் இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. உன் மேல் உன் சகோதரனுக்கு மனத்தாங்கல் இருந்தால் என்கிறார். கணக்கு அண்ணன் பக்கத்திலிருந்து தொடங்குகிறது.

கய்யாலை நகரும்வரை கடவுள் காத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. லூக்கா 15இல் ஊதாரி மகன் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சை அப்பா முடிக்கவே விடவில்லையே. ஆனால் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் இல்லாமல் பாவத்துக்காக வருந்தும் மனஸ்தாபம் அரைகுறைதான். நீங்கள் சொன்னால் பாறசாலை அச்சனும் இதைத்தான் கேட்பார். சொல்லாமல் விடத்தான் தெரியாத அச்சனைத் தேடுகிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம், மன்னியுங்கள்.

பாவசங்கீர்த்தனம் முடித்த கையோடு அண்ணன் வீட்டுக்குப் போங்கள். ரப்பர் பால்வெட்டு முடிந்து அவர் திண்ணையில் உட்காரும் நேரம் உங்களுக்குத் தெரியாததா? கமிட்டிக்காரர்களைத் துணைக்குக் கூட்டிப் போக வேண்டாம். “கய்யாலையை நான்தான் தள்ளிப் போட்டேன் அண்ணே, அளந்து கல் போட்டுக்கலாம்.” இவ்வளவு போதும். “அன்னைக்கு நீயும்தானே…” என்று ஆரம்பித்தால் பழைய வழக்கு மறுபடி நடக்கும்.

அண்ணன் முகம் கொடுக்காமல் உள்ளே போய்விடலாம். அதனால் நீங்கள் பெற்ற மன்னிப்பு ரத்தாகிவிடாது. மைனி (அண்ணி) தண்ணீர் கொண்டுவந்தால் வாங்கிக் குடியுங்கள். சர்வேயரை எந்தக் கிழமை வரச் சொல்லலாம் என்று அவரிடமே கேட்டுவிட்டு வாருங்கள்.