வலிப்புக் குளிசை மூளையில் என்ன செய்கிறது?

கேள்வி: மகனுக்கு 10 வயது. கார்பமசெப்பீன் குடிக்கிறான். எட்டு மாதமாக வலிப்பு வரவில்லை. இனி நிறுத்தலாமா?
– ஒரு தாய், முழங்காவில்

வேண்டாம் அம்மா, இப்போது நிறுத்த வேண்டாம். நரம்புக்கலத்தின் சுவரில் அயன் (மின்னேற்றமுள்ள துகள்) போய்வரும் அயன் வாயில்கள் எனும் நுண்ணிய புரதத் துளைகள் உண்டு. சோடியம் உள்ளே பாய்ந்தால் கலம் துடிக்கும், பொட்டாசியம் வெளியே போனால் அடங்கும். வலிப்பு வரும்போது பல கலங்கள் ஒன்றுசேர்ந்து ஓயாமல் துடிக்கின்றன. சோடியம் வாயில் ஒரு தரம் திறந்ததும் தானாகப் பூட்டிக்கொண்டு, சில மில்லிசெக்கன் கழித்துத்தான் மறுபடி திறக்கத் தயாராகும். கார்பமசெப்பீன் அதைப் பூட்டிய நிலையிலேயே பிடித்து வைக்கிறது. அதனால் தறிகெட்டுத் துடிக்கும் கலங்களே அதிகம் அடங்கும், மற்றவற்றுக்குப் பாதிப்புக் குறைவு. இரணைமடுக் குளத்தில் துருசை (மதகுக் கதவை) இறக்கினால் வாய்க்காலில் தண்ணீர் வருவது நிற்கும், ஆனால் குளம் வற்றிவிடாது. மகனுக்கும் அப்படித்தான்: குளிசை வலிப்பைப் பிடித்து வைத்திருக்கிறது, அதன் காரணம் போய்விடவில்லை. பொதுவாக இரண்டு வருடமாவது வலிப்பு இல்லாமல் இருந்த பிறகே டொக்டர் நிறுத்துவது பற்றி யோசிப்பார், அதுவும் மெல்ல மெல்லக் குறைத்து. திடீரென விட்டால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆனால் உடம்பில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

கேள்வி: அக்காவின் மகள் சில விநாடி வெறித்துப் பார்த்தபடி நின்றுவிடுகிறாள். அதுவும் வலிப்பாம். என் கார்பமசெப்பீனை அவளுக்குக் கொடுக்கலாமா?
– நெடுங்கேணி

கொடுக்கவே கூடாது. இந்த வகையில் மூளையின் நடுவே, தலாமசில் இருக்கும் ஒருவகைக் கல்சியம் வாயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. அதை அடக்குவது எத்தோசக்சிமைட் எனும் வேறொரு குளிசை. கார்பமசெப்பீன் கொடுத்தால் வெறித்தல் கூடவும் செய்யலாம். ஒருவரின் குளிசையை இன்னொருவருக்குக் கொடுக்கும் பழக்கத்தை எல்லோரும் விட வேண்டும்.

கேள்வி: 2009இல் கணவரின் தலையில் செல் (எறிகணை) துண்டு பட்டது. இத்தனை வருடம் கழித்து வலிப்பு வருகிறது. பேய்க்குணம் என்கிறார்கள்.
– புதுக்குடியிருப்பு

பேயும் இல்லை, சாபமும் இல்லை, அம்மா. மூளையில் காயம் ஆறிய தழும்பைச் சுற்றியுள்ள கலங்களின் வாயில்களும் இணைப்புகளும் மாறிவிடுகின்றன. பல வருடம் கழித்தும் வலிப்பு தொடங்கலாம். மற்ற வலிப்புக்குத் தரும் குளிசைகள் இதற்கும் உதவும். எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்குப் போனால், தலையில் உலோகத் துண்டு இருக்கலாம் என்று முதலே சொல்லிவிடுங்கள். அந்தக் காந்தம் அதை அசைத்துவிடக்கூடும். நம் பகுதியில் இதை மறக்கவே கூடாது.

கேள்வி: வலிப்புக்கு வல்புரோவேற் குடிக்கிறேன். கலியாணம் வருகிறது.
– மாங்குளம்

கர்ப்பத்துக்கு முன்பே டொக்டரிடம் பேசுங்கள் தங்கச்சி. கர்ப்பத்தில் வல்புரோவேற் எடுத்த தாய்மாரின் 100 குழந்தைகளில் 10 பேரளவில் பிறவிக் குறைபாடு காணப்படுகிறது. 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சி, கற்றல் சிக்கல். பலருக்கு லமோற்றிஜின் அல்லது லெவிற்றிரசெற்றம் என மாற்றலாம். போலிக் அமிலம் எனும் விற்றமினும் முன்கூட்டியே தொடங்க வேண்டும். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், வலிப்பும் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

கேள்வி: வலிக்கும்போது கையில் இரும்புத் திறப்பு கொடுக்கலாமா?
– ஓமந்தை

பயனில்லை. வாய்க்குள்ளும் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிதான். அங்கே தரும் டயசெப்பாம் போன்ற மருந்து குளோரைட்டு வாயில்களை அடிக்கடி திறக்க வைத்துக் கலங்களை அடக்கும். வலிப்பு உள்ளவர் குளத்திலோ கிணற்றடியிலோ தனியாகக் குளிக்க வேண்டாம்.