டோக்கியோவை இருட்டில் வரைந்தவர்

கேள்வி: பழைய ஜப்பானிய மர அச்சுப் படங்கள் என்றாலே மலை, அலை, கிமோனோப் பெண்கள்தானா? ரயிலும் செங்கல் கட்டடமும் வந்த பிறகு அந்த ஓவியர்கள் என்ன செய்தார்கள்?
- கும்பகோணம் வாசகி

பதில்: போட்டி போட்டுக்கொண்டு வரைந்தார்கள். 1868-ல் எடோ நகரம் டோக்கியோ ஆனது. 1872-ல் ஷிம்பாஷியிலிருந்து யோகோஹாமாவுக்கு ரயில் ஓடத் தொடங்கியது, அதே வருஷம் பெரிய தீ விபத்துக்குப் பிறகு டோக்கியோவின் கின்ஸா பகுதியில் செங்கல் தெரு, கொஞ்ச நாளில் அங்கேயே காஸ் விளக்கு. மூன்றாம் ஹிரோஷிகே போன்றவர்கள் இதையெல்லாம் பளிச்சென்று போட்டார்கள். இறக்குமதிச் சாயத்தின் சிவப்பு கண்ணைப் பறிக்கும், ரயில், குதிரை வண்டி, கோட்டுப் போட்டவர் என்று எல்லாம் ஒரே தாளில் திருவிழாக் கூட்டம் மாதிரி நிற்கும். ஊரில் என்ன புதுசு என்று தெரிந்துகொள்ள அவை போதும்.

அந்த ஊரில் நடமாடுவது எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமென்றால் கோபயாஷி கியோச்சிகா என்ற ஓவியரிடம்தான் போக வேண்டும். 1868-க்கு முன் ஜப்பானை ஆண்ட ஷோகுன் என்ற படைத்தலைவரின் ஆட்சியில் சின்ன உத்தியோகக் குடும்பம். ஆட்சி கவிழ்ந்ததும் ஊரைவிட்டுப் போய், 1874-ல் திரும்பி வந்து, 1876 முதல் 1881 வரை 93 டோக்கியோ காட்சிகளை வரைந்தார், அதில் இரவும் மழையும் அந்திநேரமும்தான் அதிகம். மர அச்சில் வழக்கமாக உருவங்களைச் சுற்றிக் கறுப்புக் கோடு ஓடும். இவர் பல இடங்களில் அந்தக் கோட்டையே விட்டுவிட்டு, வெளிச்சம் எங்கே படுகிறது என்பதை வைத்தே உருவத்தைக் காட்டினார். நிஹோன்பாஷி பாலத்தின் இரவுப் படத்தைப் பாருங்கள்: காஸ் விளக்கடியில் ரிக்‌ஷாக்காரரும் நடந்துபோகிறவர்களும் வெறும் கருநிழல்தான், ஒரு முகம்கூடத் தெரியாது. தகனாவா கடலோரத்தில் ரயில் போகும் 1879 படத்தில்கூட ரயிலைவிட அதன் ஜன்னல் வெளிச்சம்தான் மனதில் நிற்கிறது. புதுமையை அவர் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. அதனால்தான் அவரை நம்ப முடிகிறது.

1881 ஜனவரியில் டோக்கியோவின் ரியோகோக்குப் பக்கம் பெரும் தீ. அதையும் வரைந்தார், அந்தத் தீயில் அவர் வீடும் போனது. அந்த வருஷத்தோடு இந்த வரிசை நின்றுவிட்டது. அப்புறம் பத்திரிகைக் கேலிச்சித்திரம், 1894-95 சீனப் போரின் படங்கள் என்று வேறு பக்கம் போய்விட்டார்.

கேள்வி: இவற்றைப் பார்க்க ஜப்பான் போக வேண்டுமா?
- அதே வாசகி

பதில்: வேண்டாம். வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியனின் ஆசியக் கலை அருங்காட்சியகத்தில் நிறைய இருக்கின்றன, அதன் இணையதளத்திலேயே பார்க்கலாம். போனில் பார்க்காதீர்கள், பெரிய திரை வேண்டும். சின்னத் திரையில் அந்த இருட்டு முழுவதும் ஒரே கறுப்பாகிவிடும்.