செங்குத்துப் பாறைக்கு ஒரு பெயர் உண்டா?

அன்புள்ள ஐயா,

விடுமுறை நாட்களில் நண்பர்களோடு மலையேறுவேன், திரும்பி வந்து அதைப் பற்றி எழுதுவேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் முட்டி நிற்கிறேன். ஆங்கிலத்தில் 'கிளிஃப்' என்று ஒரு சொல்லில் முடிகிறது. தமிழில் 'செங்குத்துப் பாறை' என்று விளக்கம்தான் இருக்கிறது, பெயர் இல்லை. அகராதியைப் பார்த்து 'ஓங்கல்' என்று எழுதினால் நண்பர்களுக்கே புரியவில்லை. எதை எழுதுவது?

ஒரு வாசகர், ஒத்தக்கடை

அன்புள்ள நண்பருக்கு,

யானைமலை அடிவாரத்தில் இருந்துகொண்டு இதை என்னிடம் கேட்கிறீர்கள்!

ஓங்கலை விட்டுவிடுங்கள். அழகான சொல்தான், ஆனால் அடிக்குறிப்போடுதான் நடமாடும். 'செங்குத்துப் பாறை'யில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பேச்சில் 'நெட்டுக்குத்தா நிக்குது' என்போம். அதுவும் போதும்.

நான் கவனித்தவரை, இந்த விஷயத்தில் தமிழ் முதலில் கேட்பது 'நீ எங்கே நிற்கிறாய்' என்றுதான். கொடைக்கானல் சாலையில் வேன் கவிழ்ந்தால் 'பள்ளத்தில் பாய்ந்தது' என்று செய்தி வரும். பாறை என்ற பேச்சே இருக்காது. சாலை மேலே போகிறது, அங்கிருந்து பார்ப்பவனுக்குத் தெரிவது பள்ளம் மட்டும். கிடுகிடு பள்ளம், அதலபாதாளம் எல்லாம் மேலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் சொன்னவை. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்கு அதே இடம் பாறை. அதன் மடிப்புக்குள் மழைக்கு ஒதுங்கியவனுக்கோ அது புடவு. கீழக்குயில்குடி சமணர்மலையில் செட்டிப்புடவு இருக்கிறதே, அந்தப் புடவுதான். சமண முனிவர்கள் தங்கிய குகைத்தளங்களில் படுக்கைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மேலே பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். மலையில் வழிந்து வரும் மழைநீர் உள்ளே இறங்காமல் அங்கேயே சொட்டிவிடும்.

பழைய சொல்தான் வேண்டுமென்றால், வரை. குறுந்தொகையின் 69ஆம் பாட்டில், ஆண்குரங்கு இறந்ததும் மந்தி தன் குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்துவிட்டு 'ஓங்குவரை அடுக்கத்துப் பாய்ந்து' உயிரை விடுகிறது. அங்கே வரை என்பது பொதுவாக மலை என்பதோடு நிற்கவில்லை, விழுந்தால் பிழைக்க முடியாத பக்கமும் அதில் தெரிகிறது. இன்று நீங்கள் 'வரையில் ஏறினோம்' என்று எழுதினால் 'எதுவரையில்?' என்று கேட்பார்கள். தனியாக அது செத்துவிட்டது. ஆனால் கூட்டுச்சொல்லில் நன்றாகவே வாழ்கிறது. நம் மாநில விலங்கு வரையாடு. ஆபத்து வந்தால் அது ஓடி ஏறுவதும் அப்படிப்பட்ட பாறைக்குத்தான்.

இன்னொன்று குடைவரை. மண்டபம் குடையும் சிற்பிக்கு நிமிர்ந்து நிற்கும் பாறைமுகம் வேண்டும். சாய்ந்த பாறை என்றால் முதலில் அதை நேராகச் செதுக்கிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். உங்கள் ஊருக்கு அடுத்த நரசிங்கத்தில் 770இல் மாறன்காரி எடுப்பித்த குடைவரை இருக்கிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் அவர். வேலை முடிவதற்குள் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் செய்து முடித்தார். கல்வெட்டிலேயே இருக்கிறது, அடுத்த முறை போகும்போது பாருங்கள்.

அப்புறம், மலையேறிகள் எழுத்தில் எல்லாமே செங்குத்து என்பது ஒரு வியாதி. மதுரைப் பாறைகள் பெரும்பாலும் உருண்டவை. வெயிலிலும் மழையிலும் மேல்தோல் ஏடு ஏடாக உரிந்து வழவழவென்று வளைந்திருக்கும். கால் வைத்தால் சறுக்கும் என்றால் வழுக்குப்பாறை என்றே எழுதுங்கள். சின்னதாக, மரம் மட்டை இல்லாமல் கிடந்தால் கரடு. உண்மையிலேயே சுவர் பிடித்த மாதிரி நேராக நிற்பவை மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் குவாரிகளின் வெட்டு முகங்கள். ஆனால் அவற்றை யாரும் பாறை என்று சொல்வதில்லை, குவாரிப் பள்ளம்தான். மேலிருந்து தோண்டிக்கொண்டே போனதால் அடியில் இறங்கி நின்றாலும் அந்தப் பெயர் மாறுவதில்லை.

எனவே உச்சியில் நின்றால் 'விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தோம்', அடியில் நின்றால் 'பாறை நெட்டுக்குத்தாக நின்றது' என்று எழுதுங்கள். கயிறு கட்டி ஏறும் நுணுக்கங்களை நண்பர்களுக்காக எழுதும்போது கிளிஃப் என்றே போட்டாலும் குடி முழுகிப்போகாது.