அவர்களால் மட்டும் ஏன் முடியவில்லை?

வணக்கம் சார்,

பல வருடங்களாக டெக்சாஸில் இருக்கிறேன். அமெரிக்கக் கறுப்பர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் அடிமை முறை, போலீஸ், இனவெறி என்கிறார்கள். அவர்கள் குழந்தைகளில் நூற்றுக்கு எழுபது கல்யாணம் ஆகாத அம்மாவுக்குப் பிறப்பதை யாரும் பேசுவதில்லை. அப்பா இல்லாத வீட்டில் பையன் எப்படி உருப்படுவான்? நாமும் வெள்ளைக்காரர்கள் இல்லை. இரண்டு பெட்டியோடு வந்தோம், உழைத்தோம், குடும்பத்தைக் கட்டிக் காத்தோம். அவர்களால் மட்டும் ஏன் முடியவில்லை? இதைச் சொன்னால் கல்லூரியில் படிக்கும் என் மகள் "அப்பா, இது ரேசிசம்" என்று எழுந்து போய்விடுகிறாள். தனிமனிதப் பொறுப்பைப் பற்றிப் பேசுவதே தப்பா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

தப்பில்லை. நீங்கள் சொன்ன எண்ணும் ஏறக்குறைய சரிதான். யாரும் பேசுவதில்லை என்பதுதான் சரியில்லை. அறுபது வருடமாக அமெரிக்கர்கள் இதைப் பேசிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1965ல் ஜனாதிபதி ஜான்சனின் தொழிலாளர் துறையில் இருந்த டேனியல் பாட்ரிக் மொய்னிஹன் ஓர் அறிக்கை எழுதினார். (பிற்பாடு டெல்லியில் அமெரிக்கத் தூதராக இருந்தவர். இவர் அப்பாவும் இவருடைய பத்து வயதில் வீட்டை விட்டுப் போனவர்தான். பையன் நியூயார்க்கில் ஷூ பாலிஷ் போட்டிருக்கிறார்.) கறுப்பர் குழந்தைகளில் கிட்டத்தட்ட கால்வாசி திருமணத்துக்கு வெளியே பிறக்கின்றன, குடும்பம் குலைகிறது என்று எச்சரித்தார். ஆண்களின் வேலையின்மையையும் அதே அறிக்கையில் விரிவாகக் காட்டியிருந்தார். ஒரு தரப்பு அவரை இனவெறியர் என்றது. இன்னொரு தரப்பு, பார்த்தீர்களா, கோளாறு அவர்களிடமே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டது. வேலையைப் பற்றிய பக்கங்களை இரண்டு தரப்பும் புரட்டவில்லை.

அந்தக் கால்வாசியை இன்று வெள்ளையர்களே தாண்டிவிட்டார்கள். அவர்களிடையே இப்போது நூற்றுக்குச் சுமார் 28. அதிலும் பட்டம் வாங்கியவர்களிடம் குறைவு, பள்ளியோடு நின்றவர்களிடம் மிக அதிகம். இதற்கு எந்த இனத்தின் கலாசாரத்தைக் காரணம் சொல்வது?

எனக்கு இந்த விஷயத்தில் முக்கியமாகப் படுவது காலவரிசை. அடிமைகளின் கல்யாணத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. எஜமான் நினைத்தால் புருஷனை ஒரு மாநிலத்துக்கும் பெண்டாட்டியை இன்னொன்றுக்கும் விற்கலாம். 1865ல் விடுதலை வந்ததும் அவர்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, ஏற்கெனவே சேர்ந்து வாழ்ந்தவர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்த் திருமணத்தைப் பதிவு செய்தது. இன்னொன்று, தொலைந்த உறவுகளைத் தேடிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. அம்மாவை யார் வாங்கினார், கடைசியாக எந்த ஊரில் பார்த்தது, அப்போது தனக்கு என்ன வயது என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். உள்நாட்டு யுத்தம் முடிந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் இந்த விளம்பரங்கள் வந்துகொண்டிருந்தன. குடும்பத்தின் அருமை தெரியாத ஜனங்கள் என்று இவர்களைச் சொல்ல எனக்கு வாய் வராது.

அந்தக் குடும்பங்கள் நிலைத்தும் நின்றன. மரத்தில் தூக்கில் தொங்கவிட்ட காலம், தனி பெஞ்ச், தனிக் குழாய் என்றிருந்த காலம் எல்லாவற்றையும் தாண்டி, 1960ல்கூடக் கறுப்பர் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கு அம்மா அப்பா இருவரோடும்தான் வளர்ந்தார்கள். இது உங்கள் வாதத்துக்கு இடைஞ்சல். அடிமை முறை ஒன்றையே காரணமாகச் சொல்பவர்களுக்கும், உங்கள் மகளும் அந்தக் கட்சியாக இருந்தால் அவருக்கும், அதே அளவு இடைஞ்சல்.

சரி, அப்புறம் என்ன ஆனது? தெற்கிலிருந்து டெட்ராய்ட், சிகாகோ என்று போய்க் கார் தொழிற்சாலையிலும் இரும்பு ஆலையிலும் சேர்ந்தவர்களின் பிள்ளைகள் காலத்தில் அந்த ஆலைகள் மூடப்பட்டன. சிகாகோவின் தென்பகுதியை ஆராய்ந்த சமூகவியலாளர் வில்லியம் ஜூலியஸ் வில்சன் சொன்னது எளிமையானது: நிலையான வேலை உள்ள ஆண்கள் குறைந்தால் கல்யாணமும் குறையும். அதன் மேல் 1986ன் போதைச் சட்டம் வந்தது. ஏழைத் தெருக்களில் விற்ற கிராக் என்ற கட்டிக் கொக்கெயினை 5 கிராம் விற்றாலோ விற்பதற்காக வைத்திருந்தாலோ குறைந்தது ஐந்து வருடச் சிறை. பணக்காரர்கள் உறிஞ்சிய கொக்கெயின் பொடிக்கு அதே தண்டனை கிடைக்க 500 கிராம் வேண்டியிருந்தது. இளைஞர்களை அள்ளிக்கொண்டு போனது அந்தச் சட்டம்.

அரசாங்க உதவித் தொகைதான் கெடுத்தது என்பார்கள். ஓரளவு உண்மை இருக்கிறது. வீட்டில் ஆண் இருந்தால் பணம் கிடையாது என்று சில மாநிலங்களில் விதி இருந்தது. ராத்திரியில் கதவைத் தட்டிச் சோதனை போட்டார்கள். அலபாமாவில் இருந்த அந்த விதியை 1968ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் 1996ல் கிளிண்டன் அந்த உதவித் திட்டத்தையே கலைத்தார். வாங்குவோர் எண்ணிக்கை சில வருடங்களில் பாதியாகச் சரிந்தது. நாடு முழுக்கத் திருமணத்துக்கு வெளியே பிறப்பதோ 32 சதவீதத்திலிருந்து 2009ல் 41க்குப் போனது.

நம் கதைக்கு வருவோம். 1965ன் குடியேற்றச் சட்டம் இல்லாவிட்டால் நாம் யாரும் அங்கே போயிருக்க முடியாது. போனவர்களில் பெரும்பாலோர் பட்டம் வாங்கியவர்கள். இரண்டு பெட்டியோடு ஒரு டிகிரியும் கூட வந்தது, அதைக் கணக்கில் விட்டுவிட்டீர்கள். சலித்தெடுத்த நெல்லைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவன் வயலைக் குறை சொல்லக் கூடாது. அந்தச் சட்டத்துக்கு வழிவிட்ட அரசியல் சூழலை உண்டாக்கியதில் கறுப்பர்களின் சிவில் உரிமைப் போராட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பதையும் வாட்ஸ்அப் குழுக்களில் யாராவது நினைவுபடுத்தலாம்.

பொறுப்பைப் பற்றிக் கறுப்பர்கள் நம்மைவிடக் கடுமையாகப் பேசுகிறார்கள். 1995ல் வாஷிங்டனில் லட்சக்கணக்கான ஆண்கள் கூடிய பேரணியின் மையப் பேச்சே அதுதான். 2008ல் தந்தையர் தினத்தன்று சிகாகோ தேவாலயம் ஒன்றில் ஒபாமா, பொறுப்பைக் கைவிட்ட அப்பாக்களை நேராகவே சாடினார். அவர் அப்பாவும் விட்டுப் போனவர். மூத்த கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனுக்கு அது பிடிக்கவில்லை. மேலிருந்து உபதேசம் செய்கிறார் என்று, மைக் அணைந்திருப்பதாக நினைத்து ஆபாசமாகத் திட்டி, பிறகு மன்னிப்புக் கேட்டார். எனக்கு இதில் ஒபாமா பக்கம்தான். பேச்சோடு நிற்காமல் மாறியும் இருக்கிறார்கள்: 15 முதல் 19 வயதுக் கறுப்பினப் பெண்களில் ஆயிரத்துக்கு 118 பேர் 1991ல் குழந்தை பெற்றார்கள், 2019ல் சுமார் 26. இந்தச் செய்தி உங்கள் காதுக்கு வந்ததா?

இன்னொன்று. கல்யாணம் ஆகாமல் பிறந்த குழந்தைக்கு அப்பா இல்லை என்று அர்த்தமில்லை. பலர் சேர்ந்து வாழ்கிறார்கள். பிள்ளைகளோடு இருக்கும் கறுப்பின அப்பாக்கள் குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, வீட்டுப்பாடம் பார்ப்பது எதிலும் மற்றவர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை என்று 2013ல் அமெரிக்க அரசின் கணக்கெடுப்பே சொன்னது.

கடைசியாக, பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் சகாக்களும் 2018ல் வெளியிட்ட ஆய்வு. சுமார் இரண்டு கோடிப் பிள்ளைகளின் தரவு அது. ஒரே வருமானமுள்ள வீடுகளில் பிறந்தாலும் கறுப்பினப் பையன்கள் வளர்ந்ததும் வெள்ளையினப் பையன்களைவிடக் குறைவாகவே சம்பாதிக்கிறார்கள். பெண்களிடம் இந்த வித்தியாசம் அநேகமாக இல்லை. பெற்றோர் சேர்ந்திருப்பதைக் கணக்கில் சேர்த்தாலும் பையன்களின் இடைவெளி பெரிதாகக் குறையவில்லை. எங்கே குறைகிறது என்றால், வறுமையும் வெள்ளையரின் இனவெறுப்பும் குறைந்த, கறுப்பின அப்பாக்கள் நிறையப் பேர் வீட்டோடு இருக்கும் பகுதிகளில். தன் அப்பா வீட்டில் இல்லாத பையனுக்கும் அக்கம்பக்கத்து அப்பாக்களால் பலன் இருக்கிறது. ஆக, அப்பாக்கள் முக்கியம் என்ற வரையில் நீங்கள் சரி. ஆனால் வறுமை பத்து சதவீதத்துக்குள், கறுப்பின அப்பாக்களில் பாதிக்கு மேல் வீட்டோடு என்றிருக்கும் பகுதிகளில் வளரும் கறுப்பினக் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. வெள்ளையினக் குழந்தைகளில், வறுமை அதே அளவு குறைந்து வெள்ளையின அப்பாக்களில் பாதிக்கு மேல் வீட்டோடு இருக்கும் பகுதிகளில் வளர்பவர்கள் நூற்றுக்குச் சுமார் 63 பேர்.