பல்கலைக்கழக நிர்வாக வேலைகளை மெயின்ஃபிரேம் என்ற பழைய பெரிய கம்ப்யூட்டரிலிருந்து புதிய சிஸ்டத்துக்கு மாற்றப் போகிறார்கள். எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

நீங்கள் ஏதோ ஒரு பல்கலைக்கழக ஐ.டி. பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், பழைய ஆட்கள் ஓய்வு பெறப் போகிறார்கள், மேலே இருப்பவர் "ஒன்றரை வருடத்தில் முடித்துவிடலாம்" என்று சொல்லிவிட்டார். இப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் மன்னித்துவிடுங்கள்.

என் பதில் ஒரே வரிதான். பழையதையும் புதியதையும் இணைக்க "தற்காலிகமாக" என்று சொல்லிப் போடும் புரோகிராம்களைப் பாருங்கள். மீதி எல்லாம் நான் பட்ட கதை.

1998-ல் சென்னையில் கோபால் என்ற புரோகிராம் மொழி, கூடவே ஜேசிஎல், சிஐசிஎஸ் என்ற மெயின்ஃபிரேம் சமாச்சாரங்கள் என்று ஒரு கோர்ஸ் முடித்தவனுக்கெல்லாம், 2000 பிறந்தால் கம்ப்யூட்டர்கள் தேதியில் குழம்பிவிடும் என்ற ஒய்2கே பயத்தின் புண்ணியத்தில் அமெரிக்க விசா கிடைத்துக்கொண்டிருந்தது. (கோபால் என்பது எனக்கு வேலை வாங்கிக் கொடுத்த ஆளின் பெயர் என்று என் மாமா ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.) நான் போய்ச் சேர்ந்தது மத்திய மேற்குப் பகுதியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம். மாணவர் பதிவு, கட்டணம், சம்பளம் எல்லாம் ஐபிஎம் மெயின்ஃபிரேமில், எழுபதுகளில் எழுதிய கோபாலில் ஓடியது. வருடத்துக்கு இரண்டே இலக்கம், 2000 வந்தால் 1900 என்று நினைத்துக்கொள்ளும். அதைத் திருத்துவதற்குப் பதில் புதிதாகவே வாங்கிவிடலாம் என்று அப்போது பல பல்கலைக்கழகங்கள் முடிவு செய்தன, இவர்களும் செய்தார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. மாணவர் பதிவு முதலில் யூனிக்ஸில் ஓடும் புதிய சிஸ்டத்துக்குப் போகும், கட்டணக் கணக்கு ஒரு வருடம் கழித்து. அதுவரை யார் யார் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்ற ஃபைலை இரவில் மெயின்ஃபிரேமிலிருந்து எஃப்டிபி (ஃபைல் அனுப்பும் வழி) செய்து, யூனிக்ஸில் உள்ள மாணவர் பட்டியலோடு ஒப்பிட்டு, பாக்கிக்காரர்கள் மேல் "ஹோல்டு" போட வேண்டும். ஹோல்டு விழுந்தால் வகுப்பில் பதிய முடியாது. பழைய கோபால் புரோகிராம் ஒன்றையே யூனிக்ஸில் கம்பைல் செய்து ஓட்டினோம். அந்த வேலை என்னுடையது.

எல்லோரும் பயந்தது பணத் தொகைகளுக்காக. மெயின்ஃபிரேமில் தொகையை ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கமாக அடைத்து வைப்பார்கள், கடைசி அரை பைட்டில் கூட்டலா கழித்தலா என்ற குறி இருக்கும். எஃப்டிபி அதை எழுத்து என்று நினைத்து மாற்றினால் குப்பையாகிவிடும். மூன்று வாரம் அதற்கே செலவழித்தோம். முன்வாசலில் காவல், கொல்லைப்பக்கம் திறந்து கிடந்தது.

அந்தக் காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அரசு கொடுக்கும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையே மாணவர் எண்ணாக வைப்பது சகஜம். அப்போதுதான் விமானத்திலிருந்து இறங்கிய வெளிநாட்டு மாணவனுக்கு அந்த எண் ஏது? அதனால் 'டி' என்ற எழுத்தில் தொடங்கும் ஓர் எண்ணைப் பல்கலைக்கழகமே கொடுத்தது. 1964-ல் அறிவித்த 360 காலத்திலிருந்தே ஐபிஎம் மெயின்ஃபிரேமுக்கு எப்சிடிக் என்று தனி எழுத்து முறை. அதில் வரிசைப்படுத்தினால் எழுத்துகள் முன்னால், எண்கள் பின்னால். யூனிக்ஸில் இருக்கும் ஆஸ்கியில் நேர் எதிர். எஃப்டிபி எழுத்தை மாற்றிக் கொடுக்கும், வரிசையை மாற்றாது. ஆக, பாக்கிப் பட்டியலில் 'டி' ஆட்கள் தலைமாட்டில், மாணவர் பட்டியலில் அதே ஆட்கள் கால்மாட்டில்.

கல்யாண வீட்டில் மொய் நோட்டையும் அழைப்பு லிஸ்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு விரலால் டிக் அடித்துக்கொண்டே போவோமே, புரோகிராம் செய்வதும் அதேதான். விரல் கீழே மட்டும்தான் நகரும், திரும்ப மேலே வராது. பாக்கிப் பட்டியலில் முதல் பெயரே 'டி'. அதைத் தேடி மாணவர் பட்டியலில் விரல் அத்தனை அமெரிக்கப் பிள்ளைகளையும் தாண்டிக் கடைசிக்குப் போய்விட்டது. வெளிநாட்டுப் பாக்கிக்காரர்கள் ஒருவர் விடாமல் மாட்டினார்கள். அதற்கு அப்புறம் வந்த அமெரிக்கப் பாக்கிக்காரர்களுக்கு ஆளே கிடைக்கவில்லை. முந்தைய ஹோல்டுகளை எல்லாம் அழித்துவிட்டுத்தான் புதியதைப் போடும் என்பதால், அவர்கள் எல்லோரும் ஒரே இரவில் கடனற்ற உத்தமர்கள் ஆனார்கள்.

1999 ஆகஸ்ட், ஒரு திங்கட்கிழமை. கவுண்டரில் நூலக அபராதம் 12 டாலர் பாக்கி வைத்த பையன்கள் வரிசையாக நிற்கிறார்கள். இந்தியர், சீனர், கொரியர். ஓர் அமெரிக்க முகம் இல்லை. திருச்சிப் பக்கத்துப் பையன் ஒருவன் என்னைப் பார்த்ததும், "அண்ணா, உங்க கம்ப்யூட்டருக்கு எங்க மேல என்ன கோவம்?" என்றான். அவனுக்கு என்ன சொல்ல? மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வெளிநாட்டவரை மட்டும் பிடிக்க ஏதாவது நிபந்தனை எழுதியிருக்கிறாயா என்று கேட்டார். நானே எச்1பி என்ற வேலை விசாவில் போன வெளிநாட்டவன்!

அதை முதலில் கண்டுபிடித்தது ஐ.டி. ஆட்கள் இல்லை. கட்டணப் பிரிவில் பல வருடமாக இருந்த ஓர் அம்மா. "ஹோல்டு விழுந்த மறுநாள் காலையில் பெற்றோர் போன் செய்து என்னைத் திட்டுவார்கள். இன்று மதியம் வரை போனே அடிக்கவில்லை. எங்கேயோ தப்பு" என்றார்.

ஆள் கிடைக்காதவர்களின் பட்டியல் வேறு ஞாயிறு இரவே பிரின்ட் ஆகி, அரை அடி உயரத்துக்குத் தட்டில் இருந்தது. வழக்கமாக நாலு பக்கம் வரும், அதையே யாரும் படித்ததில்லை. பாக்கிப் பட்டியல், மாணவர் பட்டியல் இரண்டையும் பிரின்ட் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது செவ்வாய் இரவு புரிந்தது. வரிசை மாறினால் நின்றுவிடு என்ற சோதனை அந்தக் கோபாலில் இல்லையா? இருந்தது. வரியின் ஏழாவது கட்டத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் கோபால் அந்த வரியைக் கண்டுகொள்ளாது, அப்படிப் போட்டு 1983-ல் யாரோ அதை ஊமையாக்கியிருந்தார்கள். வந்த ஃபைலை யூனிக்ஸில் மறுபடி சார்ட் செய்ய, அதாவது வரிசைப்படுத்த, ஒரு வரி சேர்த்தேன். அவ்வளவுதான்.

இங்கே விவரம் தெரிந்தவர்கள் கிளம்புவீர்கள். கோபாலிலேயே கொலேட்டிங் சீக்வென்ஸ் (எது முன், எது பின் என்ற எழுத்து வரிசை) சொல்லும் வசதி இருக்கிறதே, டெஸ்ட் செய்யாமல் விட்டீர்களா என்று. வசதி இருக்கிறது, தெரியும். டெஸ்டும் செய்தோம், 200 மாணவர்களை வைத்து, பைசா சுத்தமாக வந்தது. அந்த 200 பேரில் ஒருவர்கூட 'டி' இல்லை. அந்த 200 பேரைப் பொறுக்கியவன் நான். நானே 'டி' வகை ஆள், நம்ம ஆட்களையே மறந்துவிட்டேன். 26 வயது, என்ன செய்வது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பழைய சிஸ்டத்தில் பெயருக்கு ஒரே கட்டம், 25 எழுத்து. புதியதில் முதல் பெயர், குடும்பப் பெயர் இரண்டும் கட்டாயம். தமிழனுக்குக் குடும்பப் பெயர் எங்கே இருக்கிறது? காலியாக விட முடியாது என்று முதல் பெயரில் ஒரு புள்ளி வைத்தார்கள். அந்தப் பையன்களுக்கு "அன்புள்ள ." என்று கடிதம் போனது. என் கதை அதைவிட மோசம். விசா ஃபாரம் நிரப்பியவர் என் பெயரையும் அப்பா பெயரையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டதால், மூன்று வருடமும் நான் "சுப்பையா". ஊரில் அப்பா பெயரை வாய்விட்டுச் சொல்லவே கூச்சப்படுவோம். அங்கே மீட்டிங்கில், "சுப்பையா, இது உன் தவறு" என்பார் மேனேஜர். தப்பு செய்தது நான், பேச்சு வாங்கியது அப்பா. இன்றைக்கும் எந்த இணைய ஃபாரத்திலும் சிவப்பு நட்சத்திரம் போட்ட "லாஸ்ட் நேம்" கட்டத்தைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சரி, உங்கள் விஷயம். இப்போது எல்லாம் கிளவுட், இந்தக் கதை செல்லாது என்று நினைக்க வேண்டாம். அன்று பல பல்கலைக்கழகங்கள் நிர்வாக சாஃப்ட்வேர் வாங்கிய பீப்பிள்சாஃப்ட் கம்பெனியை 1987-ல் தொடங்கியவர்களில் ஒருவர் டேவ் டஃபீல்ட். 2005-ல் ஆரக்கிள் அதை வாங்கியது, அதே வருடம் அவர் வேறொருவருடன் சேர்ந்து வொர்க்டே என்ற கிளவுட் சாஃப்ட்வேர் கம்பெனியை ஆரம்பித்தார். இப்போது பல்கலைக்கழகங்கள் வொர்க்டேவுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. வாஷிங்டன் பல்கலைக்கழகம் சம்பளத்தை 2017-ல் அதற்கு மாற்றியது, நிதிக் கணக்கை 2023-ல். நடுவில் ஆறு வருடம் ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே. உங்களுக்கும் அப்படி ஒரு காலம் வரும். அதற்காகப் போடும் ஒவ்வொரு இணைப்புக்கும் யார் பொறுப்பு, எந்தத் தேதியில் எடுக்க வேண்டும் என்று இப்போதே எழுதி வாங்குங்கள்.

எங்கள் கட்டணக் கணக்கு 2000-ல் யூனிக்ஸுக்கு வந்துவிட்டது. என் புரோகிராமை அன்றே எடுத்திருக்க வேண்டும். 2001-ல் நான் ஊருக்குக் கிளம்பும்போதும் அது தினமும் இரவு 2 மணிக்கு எழுந்து, காலி ஃபைலைப் படித்து, சார்ட் செய்து, "பிழை எதுவும் இல்லை" என்று ஒரு பக்கம் பிரின்ட் எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தது.