கையில் உதிரும் பாறை மண்ணாகிவிடுமா?

கேள்வி: எங்கள் நிலம் சரிவானது. மேட்டுப் பக்கத்தில் மண் கரைந்துபோய், கையால் நொறுக்கினாலே உதிரும் பாறை வெளியே தெரிகிறது. எப்படியும் மண்ணாகப் போகிற பாறைதானே, அப்படியே விட்டால் சில வருடங்களில் சரியாகிவிடாதா? மழைக்கு மண் கரைந்து ஓடுவதை எப்படி நிறுத்துவது?

பதில்: மண்ணாகும், ஆனால் உங்கள் காலத்தில் ஆகாது. 1 செ.மீ. மேல்மண் உருவாகப் பெரும்பாலும் சில நூறு ஆண்டுகள் பிடிக்கும். ஏக்கருக்கு வெறும் 1 மி.மீ. மண் போனாலே அது 5 டன் கணக்கு. கனமழையில் அவ்வளவும் ஒரே நாளில் போய்விடும்.

அந்தப் பாறையில் ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். கிரானைட் வகையாக இருந்தால் கண்ணாடி போன்ற மணிகள் தெரியும். அது குவார்ட்ஸ். லேசில் கரையாது, கடைசியில் மணலாக மிஞ்சும். விரலில் வெள்ளை மாவாக ஒட்டுவது ஃபெல்ட்ஸ்பார். மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகத்தான் இறங்குகிறது. அது ஃபெல்ட்ஸ்பாரை அரித்துக் களிமண்ணாக்குகிறது, பொட்டாசியத்தையும் கால்சியத்தையும் விடுவிக்கிறது. துருநிறத்தில் இருப்பது பாறையிலிருந்த இரும்பு. வெயிலில் விரிவதும் இரவில் சுருங்குவதும், விரிசலுக்குள் வேர் நுழைவதும் பாறையை உடைத்துத் தருகின்றன. குளிர்நாடுகளில் விரிசலில் உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் பருத்து அதே வேலையைச் செய்கிறது.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. வெளியே தெரியும் பாறையை விட, ஈர மண்ணுக்கு அடியில் இருக்கும் பாறைதான் பொதுவாக வேகமாக மண்ணாகிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதால் மண்ணுக்குள் கரியமில வாயு வெளிக்காற்றில் இருப்பதைப்போலப் பல மடங்கு இருக்கும். ஈரமும் தங்கும். திறந்து கிடக்கும் பாறையில் தண்ணீர் நிற்காமல் ஓடி, சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. மண்ணை உண்டாக்கவும் மண் வேண்டும். அதனால்தான் சும்மா விடாதீர்கள் என்கிறேன்.

முதல் வேலை மூடாக்கு. மண்ணைப் பெயர்ப்பது ஓடும் தண்ணீர் மட்டுமில்லை, விழும் துளியும்தான். பெரிய துளி விநாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வந்து அறைகிறது. கட்டி சிதறி, நுண்துகள் துளைகளை அடைத்து, மேலே ஏடு கட்டிவிடுகிறது. பிறகு தண்ணீர் உள்ளே இறங்க வழியே இல்லை. வைக்கோல், சருகு, வெட்டிய களை என எது கிடைத்தாலும் தரை தெரியாதபடி பரப்புங்கள். சணப்பு, தட்டைப்பயறு போல வேகமாக வளர்ந்து தரையை மூடுவதை விதைத்தால் இன்னும் நல்லது.

அடுத்தது சரிவுக்குக் குறுக்கே சம உயரக் கோடு. கண்ணால் போட்டால் தவறும், தாழ்ந்த இடத்தில் தண்ணீர் சேர்ந்து வரப்பையே உடைக்கும். ஒரே நீளமுள்ள இரண்டு கழிகளை ஆங்கில A போல விரித்து மேலே சேர்த்துக் கட்டி, நடுவில் குறுக்குச் சட்டம் வைத்து, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். கால்கள் நின்ற இரண்டு இடங்களையும் குறித்துவைத்துக்கொண்டு கயிறு சட்டத்தைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். பிறகு அதே இரண்டு இடங்களில் கால்களை மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றி வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். கயிறு அங்கே நிற்கும்படி இந்த A வடிவக் கருவியை நகர்த்தி நகர்த்தி முளை அடித்துக்கொண்டே போகலாம். ஏறக்குறைய ஒவ்வொரு 1 மீட்டர் இறக்கத்துக்கும் ஒரு வரிசையாக, அந்தக் கோட்டில் வெட்டிவேர் நாற்றை 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். கல் கிடைத்தால் கல்வரப்பும் போடலாம். உழவும் விதைப்பும் அதே கோட்டை ஒட்டியே போகட்டும்.

பாறை தெரியும் இடத்தை மட்டும் உழவே வேண்டாம். அங்கே மட்கும் மூடாக்கும் போட்டு, ஆழமாக வேர்விடும் புல்லும் மரமும் வையுங்கள்.

பலன் தெரிய, காய்ந்த மண்கட்டி ஒன்றை ஒரு டம்ளர் தண்ணீரில் மெதுவாக விடுங்கள். இப்போது ஓரிரு நிமிடத்தில் கரைந்து கலங்கலாகும். மட்குச் சத்து ஏற ஏற, கட்டி கரையாமல் நிற்கும் நேரம் கூடிக்கொண்டே போவதைப் பார்ப்பீர்கள்.